குண்டூசியைக் கடைசியில் எடுங்கள்: மறந்துபோன ரவுட்டர் பாஸ்வேர்டை மீட்பது எப்படி

ரவுட்டர் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றதும் எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: பெட்டியின் பின்பக்கம் இருக்கும் சிறு துளையில் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துங்கள், சரியாகிவிடும். அதில் பொய் இல்லை. வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் ரவுட்டர்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த ரீசெட் பட்டன் உண்டு. அழுத்தினால் பழைய பாஸ்வேர்டு அழிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்குப் பெட்டி திரும்பும். ஆனால் பாஸ்வேர்டு மட்டும் தனியாக அழிவதில்லை. இணைய நிறுவனம் கொடுத்த கணக்கு விவரம், வைஃபையின் பெயர், குழந்தைகளுக்கு வைத்த நேரக் கட்டுப்பாடு, கேமராவுக்காகச் செய்த அமைப்பு என உள்ளே பதிந்திருந்த அனைத்தும் சேர்ந்தே அழியும். பாஸ்வேர்டு மட்டும் தெரியாமல் இருந்த வீட்டில் இணையமே நின்றுபோவது இப்படித்தான். ரீசெட் உறுதியாக வேலை செய்கிற வழி. இன்று விட்டால் நாளைக்குக் கிடைக்காது என்ற நிலை அதற்கு இல்லை. ஆகவே அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

இதைப் புரிந்துகொள்ள, ரவுட்டரில் ஏன் பெரும்பாலும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற இணைப்பு இருப்பதில்லை என்று யோசித்துப் பாருங்கள். மின்னஞ்சலுக்கோ வங்கிக் கணக்குக்கோ பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது. உங்கள் போன் எண் அதற்குத் தெரியும். ஓடிபி அனுப்பி நீங்கள்தான் என்று உறுதிசெய்துகொண்டு வாசலைத் திறந்துவிடும். ரவுட்டர் உங்கள் வீட்டு மூலையில் தனியாக இருக்கும் பெட்டி. உரிமையாளர் யார் என்று அதற்குச் சொல்ல வெளியே ஆள் இல்லை. எனவே அது ஒரே ஒரு சான்றை ஏற்கிறது: கையால் தொட முடிகிறவர் உரிமையாளர். அந்தத் துளை இருப்பதன் பொருள் அதுதான். இந்தச் சான்று உங்களிடம் எப்போதும் இருப்பதால் பதற்றத்துக்குக் காரணமே இல்லை. சில மாடல்களில் மட்டும் விதிவிலக்கு உண்டு. நெட்கியர் ரவுட்டர்களில் பெட்டியின் சீரியல் எண்ணையும் பாதுகாப்புக் கேள்விகளுக்கான பதில்களையும் கொடுத்து அட்மின் பாஸ்வேர்டை மீட்கும் வசதி வந்திருக்கிறது. ஆனால் அதை முன்கூட்டியே அமைத்து வைத்தவர்களுக்குத்தான் அது உதவும்.

எந்தப் பாஸ்வேர்டு மறந்தது?

வீட்டில் நாம் ‘ரவுட்டர் பாஸ்வேர்டு’ என்று ஒரே பெயரில் அழைப்பது மூன்று தனித்தனிப் பாஸ்வேர்டுகளை. முதலாவது வைஃபை பாஸ்வேர்டு. விருந்தாளி வந்தால் கேட்பது, போனையும் டிவியையும் இணைப்பது. இது 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். இரண்டாவது அட்மின் பாஸ்வேர்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய உதவுவது. வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதும், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதும் அந்தப் பக்கத்தில்தான். மூன்றாவது இணைய நிறுவனம் தந்த கணக்கின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். பல இணைப்புகளில் பிபிபிஓஇ என்ற முறையில் ரவுட்டரே இதை நிறுவனத்தின் கருவிக்கு அனுப்பி அனுமதி வாங்குகிறது. இணைப்பு கொடுத்த அன்று வந்த டெக்னீஷியன் தட்டச்சு செய்துவிட்டுப் போயிருப்பார். வீட்டில் இருப்பவர்கள் அதைக் கண்ணால் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

ரீசெட் இந்த மூன்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அட்மின் பாஸ்வேர்டு சிக்கலை அது தீர்க்கிறது. வைஃபை பாஸ்வேர்டை அழித்துவிட்டு, பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் அச்சான பாஸ்வேர்டை அதன் இடத்தில் வைக்கிறது. நிறுவனக் கணக்கின் விவரத்தையோ மாற்று எதுவும் தராமல் துடைத்துவிடுகிறது. ஆகவே மறந்தது வைஃபை பாஸ்வேர்டு மட்டும் என்றால், ரீசெட் தேவையற்றது; இருந்த நல்ல அமைப்பைக் கலைப்பது. மறந்தது அட்மின் பாஸ்வேர்டு என்றால், ரீசெட் சரியான மருந்து, ஆனால் பக்கவிளைவு உள்ள மருந்து. தொலைந்தது நிறுவனக் கணக்கின் பாஸ்வேர்டு என்றால், ரீசெட்டால் நன்மை துளியும் இல்லை. எது மறந்தது என்று முதலில் முடிவு செய்யாமல் பட்டனில் கை வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

வைஃபை பாஸ்வேர்டு வீட்டிலேயே இருக்கிறது

நீங்கள் மறந்த வைஃபை பாஸ்வேர்டை உங்கள் வீட்டுக் கருவிகள் மறக்கவில்லை. ஏற்கெனவே இணைந்திருக்கும் ஒவ்வொரு போனிலும் கணினியிலும் அது சேமிக்கப்பட்டிருக்கிறது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபை அமைப்பில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டு ‘ஷேர்’ கொடுத்தால், போனின் பூட்டைத் திறக்கும் எண்ணையோ விரல் ரேகையையோ கேட்டுவிட்டு ஒரு கியூஆர் கோடு வரும். பல போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தாகத் தெரியும். தெரியாவிட்டாலும் கவலை இல்லை. இன்னொரு போனின் கேமராவால் அந்தக் கோடைப் படித்தால் அந்தப் போன் இணைந்துவிடும். ஐபோனில் 2022-இன் ஐஓஎஸ் 16 முதல், வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள தகவல் குறியைத் தொட்டால் பாஸ்வேர்டு வரி இருக்கும். முகத்தையோ விரலையோ காட்டியதும் திறக்கும். விண்டோஸ் 11 கணினியில் வைஃபை அமைப்பின் பண்புகள் பகுதியில் பாதுகாப்புக் குறியீட்டைக் காட்டும் பட்டன் இருக்கிறது. விண்டோஸ் 10-இல் கண்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் பகுதிக்குள் போய், வயர்லெஸ் பண்புகளில் செக்யூரிட்டி தாவலைத் திறந்து, எழுத்துகளைக் காட்டு என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும்.

பழைய போன்களில் இந்த வசதி இல்லாமல் போகலாம். அப்போதும் வழி அடைபட்டுவிடவில்லை. வைஃபை பாஸ்வேர்டை யாரும் மாற்றியிருக்காவிட்டால் பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருப்பதே அது. நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால், சில நிறுவனங்களின் செயலியிலேயே வைஃபை பாஸ்வேர்டை மாற்ற இடம் உண்டு. ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை மடிக்கணினிக்கு இழுத்தால் வைஃபை பாஸ்வேர்டு இல்லாமலே இணைப்பு கிடைக்கும். அட்மின் பாஸ்வேர்டு தெரிந்திருந்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம் அல்லது புதிதாக வைத்துக்கொள்ளலாம். மறந்தது அட்மின் பாஸ்வேர்டு என்பவர்களும் இந்தப் படியைத் தாண்டிப் போகக் கூடாது. இப்போது குறித்துவைக்கும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ரீசெட்டுக்குப் பின் எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பதைப் பிறகு பார்க்கப்போகிறோம்.

அட்மின் பக்கத்தைத் தட்டிப் பாருங்கள்

அட்மின் பக்கம் திறக்காததற்கு எப்போதும் பாஸ்வேர்டு காரணமல்ல. பல நேரம் முகவரியே தவறாக இருக்கும். 192.168.1.1, 192.168.0.1 என்ற இரண்டும் பரவலாகப் பயன்படுபவை. ஜியோ ஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1. இவை வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரிகள். தனி நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கப்பட்ட வரிசையைச் சேர்ந்தவை. ஊகிப்பதைவிடக் கருவியையே கேட்பது நல்லது. ஐபோனில் வைஃபை தகவல் பக்கத்தில் ‘ரவுட்டர்’ என்ற வரியிலும், ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் ‘கேட்வே’ என்ற வரியிலும் சரியான முகவரி இருக்கும். அதை பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் இத்தகைய முகவரிக்கு வெளியார் சான்றிதழ் கிடைக்காது என்பதே அதற்குக் காரணம். நிறுவனத்தின் ஃபைபர் பெட்டியோடு நீங்கள் வாங்கிய ரவுட்டரும் சேர்ந்து ஓடும் வீட்டில், எந்தப் பெட்டியின் பக்கம் திறந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஒன்றின் பாஸ்வேர்டை மற்றொன்றில் போட்டுவிட்டு மறந்துபோனதாக நினைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

முகவரி சரி என்றான பின், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளின் பட்டியலைத் திறந்து அந்த முகவரி எண்ணையே தேடுங்கள். முதல்முறை நுழைந்தபோது ‘சேமிக்கவா’ என்று கேட்டதற்குச் சம்மதம் சொல்லியிருந்தால் பாஸ்வேர்டு அங்கே இருக்கும். ரவுட்டர் நிறுவனத்தின் செயலி போனில் இருந்து, அது உள்ளே நுழைந்த நிலையிலேயே இருந்தால் அதன்மூலம் அமைப்புகளைப் பார்க்கலாம். அடுத்தது ஸ்டிக்கர், அதில் அட்மின் பக்கத்துக்கான பெயரும் பாஸ்வேர்டும் அச்சாகியிருக்கும் மாடல்கள் பல. புதிய மாடல்கள் சிலவற்றில் அட்மின் பாஸ்வேர்டு ஸ்டிக்கரில் இருக்காது, முதல்நாளில் நீங்களே உருவாக்கியிருப்பீர்கள். வைஃபைக்கு வைத்ததையே அதற்கும் வைத்தவர்கள் உண்டு என்பதால் அதையும் ஒருமுறை முயலலாம். ஆனால் கண்டதை எல்லாம் அடித்துப் பார்க்காதீர்கள். சில தவறுகளுக்குப் பின் பல ரவுட்டர்கள் சிறிது நேரம் வாசலை அடைத்துக்கொள்ளும். பாஸ்வேர்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை இறக்குவது இன்னும் மோசம். துளை உங்கள் கையில் இருக்கும்போது உடைக்கும் கருவி எதற்கு? அடுத்தவர் ரவுட்டரில் அதைப் பயன்படுத்தினால் அது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43, 66 பிரிவுகளின்படி அனுமதியின்றி நுழைவதற்கு 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அழியப்போவதை முதலில் கைப்பற்றுங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே போக முடியவில்லை என்றால் ரீசெட்தான் வழி. இப்போது கேட்க வேண்டிய கேள்வி, ரீசெட்டுக்குப் பின் இணையம் தானாகத் திரும்புமா என்பது. நிறுவனமே கொடுத்து, நிறுவனமே தொலைவிலிருந்து நிர்வகிக்கும் பெட்டிகள் பலவற்றில் கணக்கு விவரம் நிறுவனத்தின் சர்வரிலிருந்து தானாக வந்து பதியும். நீங்கள் கடையில் வாங்கிய ரவுட்டரிலோ, உள்ளூர் கேபிள்காரர் மூலம் வந்த இணைப்பிலோ பெரும்பாலும் அப்படி நடக்காது. பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கையால் போட்டாக வேண்டும். சில இணைப்புகளில் நிறுவனம் ஒதுக்கும் விஎல்ஏஎன் (VLAN) எண் ஒன்றும் வேண்டும். ஃபைபர் நேராக வந்து செருகும் பெட்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. நிறுவனத்தின் கருவி அந்தப் பெட்டியை அதன் சீரியல் எண்ணால் அடையாளம் காணலாம். அல்லது உள்ளே பதிந்த தனிக் குறியீட்டால் காணலாம். இரண்டாவது வகை என்றால் ரீசெட்டில் அந்தக் குறியீடும் போய்விடக்கூடும். அப்போது ஃபைபர் இணைப்பின் நிலையைக் காட்டும் பிஓஎன் (PON) லைட் நிலைக்காமல் மினுக்கிக்கொண்டே இருக்கும், டெக்னீஷியன் வராமல் சரியாகாது.

ஆகவே துளையைத் தொடும் முன் நிறுவனத்தை அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் என்ன? விஎல்ஏஎன் எண் உண்டா? பெட்டியை ரீசெட் செய்தால் நீங்கள் தொலைவிலிருந்து சரிசெய்வீர்களா, ஆள் அனுப்ப வேண்டுமா? பாஸ்வேர்டைச் சொல்ல முடியாது என்றாலும் புதிதாக மாற்றித் தருவார்கள். அழைக்க வேண்டிய எண்ணை உங்கள் பில்லிலிருந்தோ நிறுவனத்தின் செயலியிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடினால் வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் போலி எண்களும் வரும். எடுப்பவர் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லுவார், ஓடிபி கேட்பார். ரவுட்டரை மீட்க ஓடிபியோ வங்கி விவரமோ எந்த நிலையிலும் தேவையில்லை. கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் 1930. கடைசியாக, பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரையும், பின்னால் எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்பதையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும்: அழுத்தினால் அரை நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இத்தனை முன்னேற்பாடா? அழுத்துவது அரை நிமிடம்தான். ஆனால் கணக்கு விவரம் கையில் இல்லை என்றால் மீதி நேரத்தைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல. நிறுவனத்தின் வேலை நேரமும் டெக்னீஷியன் வரும் நேரமும். சனிக்கிழமை இரவில் அழுத்தினால் திங்கள்கிழமை ஆன்லைன் வகுப்போ அலுவலக வேலையோ நின்றுபோகலாம். முன்னேற்பாட்டுக்கு ஆகும் நேரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது, இணையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செலவிடுவது. ரீசெட் அவசரமே இல்லாதது என்பதால் இந்த வசதி நமக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவதில் எந்த இலாபமும் இல்லை.

அழுத்தும் முறை

பெட்டிக்கு மின்சாரம் இருக்கட்டும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தியோ, சிம் எடுக்கும் ஊசியாலோ துளைக்குள் இருக்கும் பட்டனை மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். பத்து விநாடி அளவில் லைட்டுகள் எல்லாம் ஒருசேர அணைந்து எரியும் அல்லது மினுக்கும், அப்போது விட்டுவிடலாம். சில மாடல்களில் துளை இருக்காது. பாஸ்வேர்டு தட்டச்சு செய்யாமலே கருவிகளை வைஃபையில் இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) பட்டனும் ரீசெட் பட்டனும் ஒன்றாகவே இருக்கும். அங்கே சட்டென்று தட்டினால் டபிள்யூபிஎஸ் வேலை செய்யும், நீண்ட நேரம் அழுத்தினால்தான் ரீசெட். பவர் பட்டனை அணைத்துப் போடுவது ரீசெட் ஆகாது. அதில் எந்தப் பாஸ்வேர்டும் மாறாது. பெட்டி மீண்டும் முழுதாக எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் ஆகும்; நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். ஃபைபர் வயரைக் கழற்றத் தேவையில்லை. கழற்ற நேர்ந்தாலும் அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

எழுந்த பின், ஸ்டிக்கரில் உள்ள வைஃபை பெயரிலும் பாஸ்வேர்டிலும் இணைந்து அட்மின் பக்கத்தைத் திறக்க வேண்டும். போனில் செய்பவர்கள் இங்கே ஒரு தடையில் மாட்டிக்கொள்வார்கள். ரவுட்டரில் இன்னும் இணையம் வராததால் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அட்மின் பக்கம் திறக்காது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயன்றால் திறக்கும். பிறகு, கேட்டுவைத்த கணக்கு விவரத்தை இணைய அமைப்பில் போட்டால் இணைப்பு வந்துவிடும். முன்பு எப்போதாவது அமைப்புகளைக் கோப்பாகச் சேமித்து வைத்திருந்தவர்கள் அதை மீண்டும் ஏற்ற நினைப்பார்கள். பல மாடல்களில் அந்தக் கோப்புக்குள் பழைய அட்மின் பாஸ்வேர்டும் அடங்கியிருக்கும். ஏற்றியதும் நீங்கள் மறந்த அதே பாஸ்வேர்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். மீண்டும் ரீசெட் செய்ய நேரிடும்.

அடுத்த பத்து நிமிடம்

இணையம் வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. ரீசெட் ஆன ரவுட்டரில் இருப்பது தொழிற்சாலைப் பாஸ்வேர்டு. பழைய மாடல்களில் அது ‘அட்மின்’ என்ற பெயருக்கு ‘அட்மின்’ என்ற பாஸ்வேர்டாகவே இருக்கும்; உலகத்துக்கே தெரிந்தது. இதனால் என்ன ஆகும் என்பதற்கு 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல் சான்று. தொழிற்சாலையில் வைத்த 60-க்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று, கேமராக்கள், வீடியோப் பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் என வீட்டுக் கருவிகளை அது கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21-இல் அந்தக் கருவிகளின் படை, இணையதளப் பெயர்களை முகவரி எண்களாக மாற்றித்தரும் டின் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. தாக்கிய கருவிகளின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் பெட்டி அதில் சேர்ந்திருந்தது தெரிந்திருக்கவே வாய்ப்பு குறைவு. எல்லாப் பெட்டிக்கும் ஒரே தொழிற்சாலைப் பாஸ்வேர்டு வைத்து விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடுத்திருக்கிறது. நம் வீடுகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டிகளைக் காப்பது நம் பொறுப்பு.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது அட்மின் பாஸ்வேர்டு. நான்கைந்து சொற்களைச் சேர்த்த நீளமான பாஸ்வேர்டு போதும். விசித்திரக் குறிகளைவிட நீளமே பலம். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், காரணமின்றிப் பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றக் கட்டாயப்படுத்துவதை விட்டுவிட்டு நீளத்துக்கே முக்கியத்துவம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டாவதாக, முன்பு குறித்துவைத்த அதே வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துவிடுங்கள். வீட்டு டிவி, கேமரா, பிரிண்டர், போன் எல்லாம் எதுவுமே நடக்காததுபோல் தாமாக இணைந்துகொள்ளும். அந்தப் பாஸ்வேர்டு வெளியாருக்குப் போய்விட்டது என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் புதிது வையுங்கள். மூன்றாவதாக, டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011 டிசம்பரிலேயே வெளியானது. வெளியிலிருந்து அட்மின் பக்கத்தைத் திறக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். ரவுட்டரின் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு இருந்தால் ஏற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் டெக்னீஷியனே செய்துவிடுவாரே, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இணைப்பைக் கொண்டுவருவது அவர் வேலை. அதை அவர் நன்றாகவே செய்வார். ஆனால் ஒரு நாளில் பல வீடுகளுக்கு ஓடுகிறவர் எல்லா வீட்டுக்கும் எளிய ஒரே பாஸ்வேர்டை வைத்துவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. அதைக் குறைகூறிப் பயனில்லை. அவர் வந்து சரிசெய்து கொடுத்த பின், கதவைச் சாத்தியதும் அட்மின் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் நீங்கள் மாற்றிவிட்டால் போதும். வைஃபை பாஸ்வேர்டைத் திருப்பி வைக்கலாம் என்று மேலே சொன்னது நீங்களே ரீசெட் செய்யும்போது. வேறொருவர் கையில் பெட்டி போய்வந்தால் புதியது வைப்பதே முறை.

எழுதி வைப்பது தவறா?

கடைசிக் கேள்வி, மறுபடி மறக்காமல் இருப்பது எப்படி. என் பதில்: நினைவை நம்பாதீர்கள், தாளில் எழுதி வையுங்கள். அட்மின் பாஸ்வேர்டை ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தட்டச்சு செய்வதில்லை. அடிக்கடி பயன்படுத்தாததை மனம் வைத்திருக்காது; அது ஒருவரின் குறையல்ல. பாஸ்வேர்டை எழுதிவைக்கக் கூடாது என்ற அறிவுரை பலர் வந்துபோகும் அலுவலக மேசைக்குப் பொருந்தும். வீட்டு ரவுட்டரின் நிலைமை வேறு. அது அஞ்ச வேண்டிய எதிரி, மிராய் போல, வெளியூரிலிருந்து கம்பி வழியாக வருபவர். அவரால் உங்கள் அலமாரியில் உள்ள தாளைப் படிக்க முடியாது. எழுதிவைத்துக்கொள்ளலாம் என்ற உறுதி இருந்தால் நீளமான, ஊகிக்க முடியாத பாஸ்வேர்டை நீங்கள் துணிந்து வைப்பீர்கள். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் பிறந்த தேதியும் வண்டி எண்ணும் பாஸ்வேர்டாகின்றன.

தாளைப் படிக்கும் அளவுக்கு வீட்டுக்குள் வந்தவர் துளையையும் அழுத்திவிடலாமே, பிறகு தாளில் என்ன கூடுதல் ஆபத்து என்று நான் வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். துளையை அழுத்துபவருக்குக் கிடைப்பது எல்லாம் துடைக்கப்பட்ட காலிப் பெட்டி. பழைய பாஸ்வேர்டு கிடைக்காது, இணையம் அறுந்துபோவதால் உங்களுக்கும் உடனே தெரிந்துவிடும். யார் வேண்டுமானாலும் ரீசெட் செய்யலாம் என்பது ஒரு குறையாகத் தோன்றினாலும், அதில் இந்தப் பாதுகாப்பு பொதிந்திருக்கிறது. தாளைப் படித்தவரோ தடயமே விடாமல் நுழைந்துவிட்டுப் போகலாம். எனவே தாளை ரவுட்டரின் முதுகில் ஒட்டாதீர்கள். வைஃபை பாஸ்வேர்டு விருந்தாளிக்கும் சொல்வது என்பதால் அது எங்கிருந்தாலும் பெரிய இழப்பில்லை. அட்மின் பாஸ்வேர்டும் நிறுவனக் கணக்கின் விவரமும், வீட்டுப் பத்திரம், காஸ் இணைப்புச் சீட்டு முதலியவை இருக்கும் கோப்பில் இருக்கட்டும். கடை, விடுதி, பலர் தங்கும் வாடகை வீடு போன்ற இடங்களில் பெட்டியையே எட்டாத உயரத்திலோ பூட்டிய அறையிலோ வைப்பது அவசியம். தொட முடிந்தவரே உரிமையாளர் என்ற விதி அங்கே உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். பெட்டி சூடாகும் என்பதால் காற்றுப் போகாத அலமாரிக்குள் மட்டும் அடைக்காதீர்கள்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: அட்மின் பக்கத்தின் முகவரி, அதன் பாஸ்வேர்டு, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும், நிறுவனக் கணக்கின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும், விஎல்ஏஎன் எண் இருந்தால் அது, வாடிக்கையாளர் எண், நிறுவனத்தின் உதவி எண், எழுதிய தேதி. வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் மகனோ மகளோ மட்டும் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருந்தால், அவர் போனை எடுக்காத நேரத்தில் வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு இணையம் இல்லை, கேமரா இல்லை, வீடியோ அழைப்பும் இல்லை. தெரிந்தவர் ஒருவராக இருக்கும்வரை, அவர் மறந்தால் வீடே மறந்ததாகிவிடும்.

இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்கள் வீட்டு இணையம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், இந்த அத்தியாயத்தைப் பயன்படுத்த அதுவே தகுந்த நேரம். அட்மின் பக்கத்துக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் விவரங்களைத் தாளில் எழுதிக் கோப்பில் சேருங்கள். நுழைய முடியாவிட்டால், இந்த வாரத்திலேயே நிறுவனத்தை அழைத்துக் கணக்கு விவரத்தை வாங்கி, வீட்டில் யாருக்கும் அவசர வேலை இல்லாத ஒரு பகல் நேரத்தில், டெக்னீஷியனும் வேலையில் இருக்கும் நாளில், குண்டூசியை எடுங்கள்.